நமக்குப் பிடித்தது மட்டமா?

தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ, முலுண்டிலோ, அம்பர்நாத்திலோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். சுவரில் சிவகாசியில் அச்சான காலண்டர் தொங்கும். அதில் முருகன் மயில் மேல் அமர்ந்து சிரிப்பார். பக்கத்திலேயே சினிமா நடிகர் ஒருவரின் படமும் இருக்கும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் பளபளக்கும். கொடியில் கட்டம் போட்ட லுங்கி காயும். பீரோவைத் திறந்தால் அரக்கு நிறத்தில் மாம்பழ மஞ்சள் கரை போட்ட பட்டுப் புடவை மடித்து வைத்திருக்கும்.

இவை எல்லாம் நமக்குப் பிடித்தவை. ஊரில் இருந்தவரை, "இது ஏன் உனக்குப் பிடிக்கிறது?" என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. பிழைப்புத் தேடி மும்பை வந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. அதுவும் கேள்வியாக வரவில்லை. கேலியாக வந்தது.

ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் நம் சட்டையைப் பார்த்து, "மதராசி கலர்!" என்று சிரிப்பார். விழாவுக்குக் கிளம்பும்போது மனைவி கண்ணாடி முன் நின்று, "என்னங்க, இந்தப் புடவையைக் கட்டிட்டு வந்தா உங்க ஆபீஸ்காரங்க ஏதாவது சொல்வாங்களோ?" என்று தயங்குவார். காலேஜில் படிக்கும் மகன், "அப்பா, சாயங்காலம் என் ஃபிரண்ட்ஸ் வர்றாங்க. அந்தக் காலண்டரைக் கொஞ்சம் எடுத்து வச்சிடுங்களேன்" என்பான்.

சின்னப் பேச்சுகள்தான். ஆனால் உள்ளே முள்ளாகத் தைக்கின்றன. அப்பா காலண்டரைக் கழற்றி விடுகிறார். அம்மா பட்டுப் புடவையை உள்ளே வைத்துவிட்டு, யாரோ சொன்ன வெளிர் நிறப் புடவைக்குக் கடையில் கணக்கு வைக்கிறார். மாதத் தவணையில் சோபா வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சோபா போட்டால் இரவில் பாய் விரிக்க இடம் ஏது? ஆனாலும் வருகிறது. யாருக்காக? நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களுக்காக!

எது அழகு, எது மட்டம் என்று தீர்ப்புச் சொல்வது யார்? கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போம்.

காலண்டர் சாமி பிறந்த ஊர்

முதலில் அந்தக் காலண்டரையே எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரிச் சாமி படங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த அச்சகம் எந்த ஊரில் தொடங்கியது தெரியுமா? இதே மும்பையில்தான்.

கிளிமானூரில் பிறந்த ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-ம் ஆண்டு பம்பாயில் ஓர் அச்சகம் வைத்தார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும், தொழில் தெரிந்த ஆட்களும் வந்தார்கள். கல்லில் படம் எழுதி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து அச்சடிக்கும் முறை அது. பிற்பாடு அச்சகம் லோனாவலாவை அடுத்த மளவலிக்குப் போயிற்று. அதுவரை எண்ணெய் வண்ண ஓவியம் என்றால் அரண்மனைச் சுவருக்குத்தான் சொந்தம். ரவிவர்மாவின் அச்சுப் படம் வந்த பிறகு, கோவில் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் குடிசைக்குள்ளும் லட்சுமியும் சரஸ்வதியும் குடி வந்தார்கள்.

படித்த விமர்சகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர் பாணி என்றார்கள். நாடக மேடையில் நிற்பதுபோல் தெய்வங்கள் நிற்கின்றன என்றார்கள். கடைத்தெருச் சரக்கு என்றார்கள். பிறகு என்ன ஆயிற்று? 1979-ம் ஆண்டு இந்திய அரசாங்கமே ரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வம் என்று அறிவித்தது. இன்று அவருடைய அசல் ஓவியத்தை விலைக்கு வாங்கினாலும் நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகத் திரைகள் எழுதிப் பழகிய கை. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் போயின. இப்போது அந்தப் பழைய காலண்டர்களை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். நம் பிள்ளை கழற்றச் சொன்ன படத்தின் வம்சாவளி இது.

பேனர் எழுதிய கை

அடுத்து, சினிமா படம். "பேனர் மாதிரி இருக்கிறது" என்பது இன்றைக்கும் ஒரு வசைச் சொல்தான். கண்ணைப் பறிக்கும் நிறம், பெரிய முகம், அதனால் மட்டம் என்ற எண்ணம்.

1915-ம் ஆண்டு பண்டரிபுரத்தில் பிறந்த ஓர் இளைஞர் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தார். சினிமா விளம்பரப் பலகைகளுக்குப் படம் எழுதினார். சாரத்தில் ஏறி நின்று, ஆள் உயர முகங்களை வரைந்து பழகினார். அவர்தான் எம்.எஃப். உசேன். 1947-ம் ஆண்டு சூசா, ரஜா, ஆரா முதலிய இளம் ஓவியர்கள் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியபோது அவரும் அதில் இருந்தார். அந்த ஆரா யார்? சிறு வயதில் பம்பாய்க்கு ஓடி வந்து, பெரிய மனிதர்கள் வீட்டில் எடுபிடி வேலை செய்து, கார் துடைத்துப் பிழைத்தவர்!

உசேன் 1954-ம் ஆண்டு வரைந்த "கிராம யாத்திரை" என்ற ஓவியம் நார்வே நாட்டில் ஒரு மருத்துவமனையின் சுவரில் பல பத்தாண்டுகள் தொங்கியது. நோயாளிகளும் நர்சுகளும் அதைக் கடந்து போனார்கள். 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். ஏறக்குறைய 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. இந்திய நவீன ஓவியம் எதுவும் அதுவரை ஏலத்தில் தொடாத விலை.

யோசித்துப் பாருங்கள். 1954-ல் இருந்த அதே துணி, அதே சாயம். ஒரு கோடுகூட மாறவில்லை. விலைதான் மாறிற்று. அப்படியானால் விலையைப் பார்த்து அழகைத் தீர்மானிக்க முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை பெரிய ஓவியருக்கு எந்தச் சினிமா பிடித்திருந்தது? 1994-ல் வந்த "ஹம் ஆப்கே ஹை கௌன்" என்ற இந்திப் படத்தை அறுபது தடவைக்கு மேல் பார்த்தார் என்று பத்திரிகைகள் எழுதின. மாதுரி தீட்சித்தை வைத்து "கஜகாமினி" என்று 2000-ம் ஆண்டில் ஒரு படமே எடுத்தார். 1967-ல் அவர் எடுத்த குறும்படத்துக்குப் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது கிடைத்திருந்தது. உலக விருது வாங்கியவர், கல்யாணப் பாட்டுப் படத்தையும் கூச்சமில்லாமல் ரசித்தார். மறைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

செம்பைப் பார்த்து வியந்தவர்கள்

நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம்.

1950-களின் கடைசியில், புதிய இந்தியாவில் பொருள்களை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று யோசனை சொல்ல, அமெரிக்காவிலிருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியை நம் அரசாங்கம் அழைத்தது. நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள். நாடு முழுக்கச் சுற்றினார்கள். 1958-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தார்கள். அதன் பலனாகத்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது. நம்மில் பலர் தினமும் பார்க்கும் ஸ்டேட் வங்கியின் நீல வட்டச் சின்னம் 1971-ல் அந்தக் கழகத்தில்தான் உருவாயிற்று.

அந்த அறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்து எழுதிய பொருள் எது? தாஜ்மகால் அல்ல. தண்ணீர்ச் செம்பு! எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் கனம் எப்படி நிற்கிறது, இடுப்பிலும் தலையிலும் எப்படி உட்காருகிறது, ஊற்றும்போது எப்படி விழுகிறது, உள்ளே கை விட்டுத் துலக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். இத்தனை கேள்விக்கும் விடை சொல்லும் பொருளை எந்தத் தனி மனிதனும் செய்துவிட முடியாது. பல தலைமுறைக் கைகள் திருத்தித் திருத்திச் செய்தது அது என்பது அவர்கள் கண்ட உண்மை.

காபி டம்ளரையும் டவராவையும் அதே கண்ணால் பாருங்கள். டம்ளரின் விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது? சூடான காபியை விரல் சுடாமல் பிடிக்க. டவரா ஏன் அகலமாக இருக்கிறது? ஆற்றிக் குடிக்க. டவராவுக்குள் ஏன் டம்ளர் அடங்குகிறது? இடம் மிச்சம் பிடிக்க. மாட்டுங்காவின் உடுப்பி ஓட்டல்களில் எல்லா மொழிக்காரரும் இதில்தான் காபி ஆற்றிக் குடிக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரரும் அங்கே வந்தால் டவராவைக் கீழே வைக்க மாட்டார்!

சாயம் போனது, பேர் வந்தது

கட்டம் போட்ட துணிக்கும் ஒரு கதை உண்டு.

குடியாத்தம் பக்கத்தில் லுங்கியாக நெய்யப்படும் கட்டத் துணிக்கு மேல்நாட்டில் "மதராஸ்" என்றே பெயர். 1958-ம் ஆண்டு கேப்டன் கிருஷ்ணன் நாயர் என்ற ஏற்றுமதியாளர் மூலமாக இந்தக் கைத்தறித் துணி அமெரிக்காவின் பெரிய உடைக் கடை ஒன்றுக்குப் போயிற்று. பிற்காலத்தில் மும்பை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் லீலா ஓட்டலைக் கட்டினாரே, அவரேதான். குளிர்ந்த நீரில் பக்குவமாக அலச வேண்டிய துணி அது. அந்தப் பக்குவம் வாங்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். சாயம் கரைந்தது. ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்தில் ஏறியது. வழக்குப் போடும் அளவுக்குக் கோபம் வந்தது.

கடைசியில் ஒரு யுக்தி செய்தார்கள். "இந்தத் துணியில் சாயம் போவது நிச்சயம்; ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் புது நிறம் கிடைக்கும்" என்ற பாணியில் விளம்பரம் செய்தார்கள். குறை என்று சொன்னதே பெருமையாகிவிட்டது! 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு மதராஸ் சட்டைதான் நாகரிகம்.

துணி ஒன்றுதான். குடியாத்தத்தில் கட்டினால் லுங்கி. நியூயார்க்கில் தைத்தால் நாகரிகம். மும்பை ஆபீசில் போட்டால் "மதராசி கலர்"!

உடையை வைத்து ஆளை எடை போடும் பழக்கம் நம் ஊரிலும் இல்லாமல் இல்லை. 2014-ம் ஆண்டு சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே அனுமதி மறுத்தார்கள். நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் குமாஸ்தாவுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? அதே ஆண்டில், வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் போட வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டரில் நம் எழுத்து

ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. விண்டோஸ் கம்ப்யூட்டரில் "லதா" என்ற தமிழ் எழுத்துரு பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. 2000-ம் ஆண்டு முதல் கோடிக்கணக்கான தமிழ் எழுத்துகள் அதில் திரையில் ஓடின. அதை வடிவமைத்தது யார்? மும்பையில் வாழ்ந்த மராத்தியரான ஆர்.கே. ஜோஷியும் அவருடைய குழுவினரும். தாய்மொழி வேறாக இருந்தும், நம் "ழ"வின் சுழியையும் "ண"வின் வளைவையும் உட்கார்ந்து படித்து வரைந்தார்கள்.

இங்கிருந்து அங்கே போனதும் உண்டு. பவாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தமிழ் இளைஞர் உதயகுமார் வரைந்ததுதான் இன்றைய ரூபாய்க் குறியீடு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டியில் கலந்துகொண்டார்கள். 2010-ம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அமைச்சரவை இவருடைய வடிவத்தை ஏற்றது. தேவநாகரி "ர"வும் ஆங்கில "ஆர்" எழுத்தும் ஒன்றாகக் கலந்த குறி அது. மாதச் சம்பளச் சீட்டில் அதைப் பார்க்கும்போது, சம்பளம் குறைவாக இருந்தாலும் குறியீடு நம்மவர் வரைந்தது என்று கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம்!

ஆக, ரசனை ஒரு மொழிக்காரருக்கோ, ஒரு மாநிலத்துக்கோ பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. மராத்தியர் தமிழ் எழுத்தை அழகாக்குகிறார். தமிழர் தேவநாகரியில் கோடு போடுகிறார்.

தாராவியை எழுதிய தூரிகை

நம் கூட்டத்தின் சினிமா ரசனையைப் பற்றியும் கேலி உண்டு. மாட்டுங்காவில் அரோரா தியேட்டரில் ரஜினி படம் வெளியான நாள்களில் கட்-அவுட்டும் மாலையும் பாலாபிஷேகமும் நடந்தன. ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் கேமராவுடன் வந்து படம் பிடித்துப் போனார்கள். வேடிக்கை என்று எழுதினார்கள்.

அந்த ரசிகர்கள் எதைக் கொண்டாடினார்கள்? பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு, தம் மொழியை உரத்த குரலில் கேட்க ஓர் இடம் கிடைத்ததைக் கொண்டாடினார்கள். பாலை வீணாக்குவது சரியா என்பது வேறு விஷயம். சரியில்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்த ஆசையில் மட்டம் எதுவும் இல்லை.

அதே கூட்டம்தான் 1987-ம் ஆண்டு "நாயகன்" படத்தையும் ஓட வைத்தது. மணிரத்னத்தின் அந்தப் படத்துக்காகத் தாராவியின் பெரும்பகுதியைச் சென்னை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டவர் தோட்டா தரணி. தகரக் கூரை, சாக்கடை ஓரம், சந்தின் குறுகல், அந்த வெளிச்சம் என்று ஒவ்வொன்றும் அசலாக இருந்தது. கமலஹாசனுக்குச் சிறந்த நடிகர், பி.சி. ஸ்ரீராமுக்குச் சிறந்த ஒளிப்பதிவு, தரணிக்குச் சிறந்த கலை இயக்கம் என்று மூன்று தேசிய விருதுகள் வந்தன. தரணி தனியாக ஓவியங்களும் வரைபவர். நாம் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த சந்தை, ஓர் ஓவியரின் கண் பார்த்தபோது அது விருதுக்குரிய கலையாயிற்று.

பிடித்ததெல்லாம் நல்லதா?

அப்படியானால் நமக்குப் பிடித்ததெல்லாம் உயர்ந்தது என்று மார் தட்டலாமா? கூடாது. அதுவும் இன்னொரு பக்கத்து ஏமாற்றுதான்.

1970-களில் டெரிலின் சட்டைக்கு இருந்த மவுசு பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். ஊருக்குப் போகும்போது டெரிலின் சட்டை போடாவிட்டால் "பம்பாய்க்காரர்" என்று யாரும் நம்ப மாட்டார்கள். கசங்காது, பளபளக்கும், எல்லாம் சரி. ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் நின்றால் முதுகு வெந்துவிடும். உடம்பு வேண்டாம் என்றது. ஊர் கண்ணுக்காகப் போட்டோம்.

ரசனை என்பது பிறவியிலேயே முடிந்துவிடும் சமாசாரம் அல்ல. நாக்கு பழகுவதுபோல் கண்ணும் பழகும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: இந்தப் பொருள் அதன் வேலையைச் செய்கிறதா? தங்க முலாம் பூசினாற்போன்ற நாற்காலி, உட்கார்ந்தால் முதுகை ஒடித்தால் அது அழகல்ல.

இரண்டாவது: இது சொல்வதும் இருப்பதும் ஒன்றுதானா? விசைத்தறியில் ஓட்டிய துணியைக் கைத்தறி என்று விற்பதும், செயற்கை நூலைப் பட்டு என்று விற்பதும் கடைத்தெருவில் சகஜம். பட்டு வாங்கும்போது "சில்க் மார்க்" சீட்டும், கைத்தறி வாங்கும்போது "ஹேண்ட்லூம் மார்க்" சீட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். இதில் நம் பணம் மட்டும் இல்லை. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தின் சோறும் இருக்கிறது. எதை விரும்புகிறோம் என்பது கடைசியில் யாருக்குக் கூலி போகிறது என்பதில் வந்து நிற்கிறது.

மூன்றாவது: நாலு வருஷம் கழித்தும் இதைப் பார்க்கப் பிடிக்குமா? தவணை முடிவதற்குள் சலித்துப்போகும் பொருளைத் தவணையில் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்காக வாங்கும் பொருளுக்கு வட்டி நாம்தான் கட்டுகிறோம்.

இந்தக் கட்டுரையாளனுக்கு எது பிடிக்கும் என்று கேட்கிறீர்களா? சொல்லிவிடுகிறேன். நரம்பு தெரியும் கைத்தறி வேட்டி பிடிக்கும். ஜரிகை வேட்டி பிடிக்காது. அரக்கில் மஞ்சள் கரை பிடிக்கும். எத்தனை பேர் சிரித்தாலும் சரி. பூ வேலை இல்லாத எவர்சில்வர் டவரா பிடிக்கும். வசனம் குறைந்த படமும் பிடிக்கும். நல்ல சண்டைப் படமும் பிடிக்கும். கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பத்மினி டாக்சி மிகவும் பிடித்திருந்தது. 2023-ம் ஆண்டு அக்டோபரோடு அது மும்பைத் தெருவை விட்டுப் போனபோது, ஊரே போட்டோ எடுத்து வழியனுப்பியது. தினம் ஏறி இறங்கியபோது யாரும் அதை அழகு என்று சொல்லவில்லை!

உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் "ஏன்" என்று ஒரு வரி உங்களால் சொல்ல முடிய வேண்டும். அது முடிந்தால் ரசனை உங்களுடையது. முடியாவிட்டால் அது கடன் வாங்கியது.

சம்பளம் வாங்காத வாத்தியார்

கண்ணைப் பழக்க இந்த நகரத்தைப் போல் ஒரு பள்ளிக்கூடம் கிடைக்காது. கட்டணமும் அதிகம் இல்லை.

தினமும் சி.எஸ்.டி. ஸ்டேஷனில் இறங்கி ஓடுகிறோம். 1878-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கட்டிய கட்டடம் அது. வடிவமைத்தவர் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். கல்லில் இலையும் பறவையும் மிருகமும் செதுக்கியவர்கள் பம்பாய்க் கலைப் பள்ளியின் மாணவர்கள். வாசல் தூணின் மேல் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்; நாம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். ஒரு நாள் அடுத்த ரயிலுக்குப் போகலாம் என்று நின்று பாருங்கள்.

மெரின் டிரைவ் வீடுகளும், 1933-ல் கட்டிய ரீகல், 1938-ல் கட்டிய ஈராஸ் ஆகிய தியேட்டர்களும் "ஆர்ட் டெகோ" என்ற பாணியைச் சேர்ந்தவை. வளைந்த பால்கனி, கப்பல் கிராதி போன்ற கம்பிகள், படிப்படியாக ஏறும் முகப்பு. 2018-ல் தென் மும்பையின் இந்தக் கட்டடத் தொகுதிக்கும் உலகப் பாரம்பரியப் பெருமை கிடைத்தது. அதே பாணி மாட்டுங்காவிலும் தாதரிலும் பல வீடுகளில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாடகைக்கு இருந்த வீடுகள்தான் அவை!

காலாகோடாவில் ஜஹாங்கீர் கலைக்கூடம் 1952-ம் ஆண்டு முதல் இருக்கிறது. உள்ளே போகக் காசு வேண்டாம். சூட் போட்டவர்களுக்குத்தான் அந்த இடம் என்று நினைத்து நம்மவர்கள் பலர் வாசலோடு போய்விடுகிறார்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எல்லாம் புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே ஒரு படத்தின் முன் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். வெளியே நடைபாதையிலும் ஓவியர்கள் படங்களை வைத்து விற்கிறார்கள். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு கண் உண்டு

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

காலண்டரைக் கழற்றச் சொன்ன மகன் மேல் கோபம் வருகிறது. நியாயம்தான். ஆனால் அவன் போடும் கிழிந்த ஜீன்சையும், கொரியப் பாட்டுக்காரர்கள் படத்தையும் பார்த்து நாமும் என்ன சொல்கிறோம்? "இதெல்லாம் ஒரு ரசனையா?" என்கிறோம். பக்கத்து மேஜைக்காரர் நமக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைக்குச் செய்கிறோம். தெருவைப் பெருக்கும் பெல்பாட்டம் போட்டுத் திரிந்த தலைமுறைக்கு அந்த உரிமை அவ்வளவாகக் கிடையாது!

"ஏம்ப்பா, இந்தப் பாட்டுல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள். அவன் ஏதோ சொல்வான். பிறகு காலண்டர் முருகனைப் பற்றி நீங்கள் சொல்லலாம். கோவில்பட்டியிலிருந்து சிவகாசிக்கும், பம்பாயிலிருந்து மளவலிக்கும் போன படக் கதையைச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் காலாகோடா போய், ஆளுக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, ஏன் பிடித்தது என்று ரயிலில் வரும்போது பேசிக்கொண்டே வரலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். ஊர் நம்முடையதல்ல, மொழி நம்முடையதல்ல, வேலை நேரமும் நம் கையில் இல்லை. எதைப் பார்த்து மனம் நிறைகிறது என்பது மட்டுமாவது நம்முடையதாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு விட்டுப் போவதற்கு நிலம் இல்லாதவர்கள், பார்க்கத் தெரிந்த கண்ணையாவது விட்டுப் போவோம்.